பைத்தான் கற்க ஒரு புத்தகம், துணைக்கு இணையம்

பைத்தான் நிரல்மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டுமா, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதாதா என்பதுதான். என் கட்சி இது: அடிப்படை பிடிபடும்வரை ஒரே புத்தகம், சந்தேகத்துக்கு மட்டும் இணையம். யூடியூபில் ஆளுக்கொரு பாடமாகப் பாதிப் பாதி கேட்டவர்களைச் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் கை ஓடாது.

முதலில் புத்தகம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால், உள்ளே புரட்டி பிரிண்ட் என்ற கட்டளையைத் தேடுங்கள். அதற்கு அடைப்புக்குறி போடாமல் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். இன்றைய பைத்தான் 3-இல் அந்த வரி ஓடாது, பிழைதான் வரும். கணக்கும் மாறியிருக்கிறது: 7/2 என்று கொடுத்தால் பழையதில் விடை 3, புதியதில் 3.5.

வாங்க வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' நூலை அவருடைய தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்' நூலும் அப்படித்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

அடுத்து, நிரலை வெட்டி ஒட்டாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். ஓடியதும் எதையாவது மாற்றிப் பாருங்கள். இன்புட் என்ற கட்டளை மூலம் 5, மறுபடியும் 5 என்று வாங்கி இரண்டையும் கூட்டினால் 10 வராது, 55 வரும். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். பைத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. இன்ட் போட்டு எண்ணாக மாற்றினால்தான் 10. இதை நீங்களே தடுமாறிக் கண்டுபிடித்தால் பிறகு மறக்காது.

பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். புரியவில்லையென்றால் பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணம், அதற்குப் பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம். அங்கே பதில் எழுதப்பட்ட ஆண்டையும் கவனியுங்கள். பைத்தான் 2 காலத்துப் பதில்கள் இன்னும் கிடக்கின்றன.

எடுத்த புத்தகத்தில் ஃபங்ஷன் பற்றிய அத்தியாயம் முடியும்வரை வேறு எந்தக் காணொளித் தொடரையும் தொடங்காதீர்கள்.