ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

“இங்கே போனா போகுது, ஹைகோர்ட்டுல பார்த்துக்கலாம்.” தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று மாவட்டத்தின் எந்தக் கோர்ட் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். தோற்றவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வார். எதிராளியை மிரட்டுபவரும் சொல்வார். வாய்தாவுக்கு ஒழுங்காக வராதவரும் இதையேதான் சொல்வார். மூவரில் அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். கீழே விட்டதை மேலே போய் எடுத்துவிடலாம் என்று இருந்து நிலத்தை விட்டவர்களும், வேலையை விட்டவர்களும், வரவேண்டிய பாக்கியை விட்டவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிவில் வழக்கு, தொழிலாளர் வழக்கு, வணிக வழக்கு மூன்றும் போய்ச் சேருவது ஒரே சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். (2004-ல் திறந்த மதுரைக் கிளை தென் மாவட்டங்களுக்கானது, தருமபுரிக்கு இல்லை.) ஆனால் மூன்றையும் அந்த நீதிமன்றம் ஒரே மாதிரி தொடுவதில்லை.

“கேஸ் மேலே போனால் ஆதியிலிருந்து விசாரிப்பார்கள்”

ஒரு வண்டிப்பாதைத் தகராறை எடுத்துக்கொள்வோம். அண்ணன் கொல்லையைத் தாண்டித்தான் தம்பி கொல்லைக்கு வண்டி போக வேண்டும். அண்ணன் கல் நட்டு மறித்துவிட்டார். தம்பி முன்சீப் கோர்ட்டில் விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டுத் தாவா போடுகிறார். அங்கே தோற்றால் சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீடு. அங்கேயும் தோற்றால் சென்னையில் இரண்டாம் மேல்முறையீடு. கட்டின் மேல் ‘எஸ்.ஏ.’ என்று எழுதியிருக்கும்.

விஷயம் இந்த எஸ்.ஏ.வில்தான் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவை 1976-ல் திருத்தினார்கள். முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே இனி உயர் நீதிமன்றம் இரண்டாம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளும் என்று ஆயிற்று. பாதை 12 அடியா 6 அடியா, இருபது வருஷமாக வண்டி போனதா இல்லையா என்பதெல்லாம் சங்கதி. அவற்றை முன்சீப்பும் சப் ஜட்ஜும் சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்தாயிற்று. பதிவு செய்யாத கூர்சீட்டை வைத்துக்கொண்டு பாதை உரிமை கேட்கலாமா என்பது சட்டக் கேள்வி. முன்னதைச் சொல்லி எஸ்.ஏ. போட்டால் எண் கிடைக்கும், அட்மிஷனிலேயே தள்ளுபடியும் ஆகலாம். பின்னதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். சாட்சியமே இல்லாமல் கீழ்க் கோர்ட் முடிவுக்கு வந்திருந்தாலோ, முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமலே விட்டிருந்தாலோ அதுவும் சட்டக் கேள்வி ஆகும். ஆனால் “அவர் சாட்சியைவிட என் சாட்சி நல்லவர்” என்ற வாதம் அங்கே எடுபடாது.

தம்பி சாட்சிக் கூண்டில் நின்றபோது, “பாதை எப்போதிருந்து இருக்கிறது?” என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்கு “ஞாபகம் இல்லை” என்று சொல்லியிருந்தால், அந்த இரண்டு வார்த்தையும் சென்னை வரைக்கும் கூடவே போகும். முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்யாமல் பெட்டியில் வைத்திருந்த மூலப்பத்திரத்தை மேல்முறையீட்டில் நீட்டுவதும் சுலபமில்லை. முன்பே ஏன் கொடுக்கவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். “வக்கீல் கேட்கவில்லை” என்பதைக் காரணமாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. பெரிய மதிப்புள்ள வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கியிருந்தால், அதன் முதல் மேல்முறையீடே (‘ஏ.எஸ்.’) உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அப்போது சங்கதி, சட்டம் இரண்டையும் நீதிபதிகள் மறுபடி அலசலாம். அதனால் வக்கீலைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நம்முடையது ஏ.எஸ்.ஸா, எஸ்.ஏ.வா?” என்பதுதான்.

“வாச்சாத்திக்கு நீதிபதியே நேரில் வந்தாரே, என் நிலத்தைப் பார்க்க வரமாட்டாரா?”

இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழுவது நியாயம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி கிராம மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்காக, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார்.

அது குற்றவியல் மேல்முறையீடு. அங்கே முழுச் சாட்சியத்தையும் மறுபடி எடைபோடும் கடமை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அதிலும் நேரில் வருவது அரிதிலும் அரிது. சிவில் வழக்கில் நிலத்தைப் போய்ப் பார்ப்பது அட்வகேட் கமிஷனரின் வேலை. சர்வேயரைக் கூட்டிக்கொண்டு, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரு தரப்பு முன்னிலையில் அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். கமிஷனர் வேண்டும் என்று மனுப் போட வேண்டிய இடம் முன்சீப் கோர்ட். அவர் அளக்க வரும் அன்றைக்கு “பேத்திக்குக் காது குத்து” என்று வெளியூர் போய்விட்டு, அறிக்கைக்கு ஆட்சேபணையும் போடாமல் இருந்துவிட்டால், எஸ்.ஏ.வில் அந்த அறிக்கையைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

“அப்பீல் போட்டாச்சு, இனி யாரும் கை வைக்க முடியாது”

முடியும். மேல்முறையீடு தாக்கல் செய்ததே தடை ஆகாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 41-ஆம் கட்டளை 5-ஆம் விதியில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. ஸ்டே வேண்டுமென்றால் தனி மனு, தனி உத்தரவு. பண டிக்ரியாக இருந்தால் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். விபத்து இழப்பீட்டைக் கட்டாததால் பஸ் ஸ்டாண்டில் அமீனா அரசு பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கே அந்த நிலை என்றால் நமக்கு என்ன.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு தவறான நினைப்பு ஓடுகிறது. “ஸ்டே ஆறு மாசத்துக்குத்தான், தானாகவே போய்விடும்” என்பது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது தடையை நீக்க வேண்டுமென்றால் அதற்கும் மனுப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

“பட்டா மாற்ற ஹைகோர்ட் ஆர்டரே வாங்கிவிட்டேன்”

இப்படிச் சொல்லி லட்டு கொடுப்பவர்களின் ஆர்டரை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் இருக்கும். மனுதாரர் கொடுத்த மனுவைத் தாசில்தார் சட்டப்படி, தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து, எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று இருக்கும். அதன் பக்கத்திலேயே, கோரிக்கை சரியா தவறா என்பது பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை என்றும் இருக்கும். மொத்தத்தில், “பதில் சொல்” என்று தாசில்தாருக்கு ஒரு கெடு. அவர் பரிசீலித்து, “பட்டா தர இயலாது” என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆர்டரை நிறைவேற்றியதாகவே அர்த்தம். அதன் பிறகு ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. நிலம் யாருடையது என்பதே சண்டை என்றால் முன்சீப் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ரிட் மனுவில் யாருக்கு நிலம் சொந்தம் என்று சாட்சி வைத்து விசாரிப்பதில்லை. பழைய, காலாவதியான கோரிக்கைக்கு இப்படி ஒரு ‘பரிசீலி’ ஆர்டர் வாங்கினால் அதற்குப் புது உயிர் வந்துவிடாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த ஆர்டர் வீண் என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அலமாரியில் தூங்கும் மனு இதனால் எழுந்திருக்கும். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

“எட்டு வழிச் சாலை வேண்டாம் என்று ஹைகோர்ட் சொன்னது”

சொல்லவில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இன்றும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை பசுமை வழிச்சாலைக்கு நிலம் எடுக்க வெளியிட்ட அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு ரத்து செய்தது. அப்போது தருமபுரி எம்.பி.யாக இருந்த அன்புமணி ராமதாஸும் மனுதாரர்களில் ஒருவர். சாலை தேவையா இல்லையா என்பது அங்கே தீர்ந்த கேள்வி இல்லை. நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா என்பதே தீர்ப்பின் அச்சாணி. வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அறிவிக்கைக்கு முன் வேண்டியதில்லை, வேலையைத் தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்று அதை மாற்றியது. ஆனால் நிலம் கையகமாகும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றிய அவசரத்தை அதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பெயர்களைத் திரும்ப எழுதச் சொன்ன பகுதியை அப்படியே நிலைநிறுத்தியது.

இதற்கு முன்பு கெயில் எரிவாயுக் குழாய் வழக்கில், விளைநிலத்தை விட்டு விலகி நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைப் பதிக்கச் சொன்ன மாநில அரசின் உத்தரவை 2013 நவம்பரில் இதே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தருமபுரி உட்பட ஏழு மாவட்ட விவசாயிகளுக்கு அது வருத்தம்தான். குழாய்ப் பாதை விஷயத்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது என்பதில் வழக்கு முடிந்தது. ஒரே நீதிமன்றம், ஒன்றில் விவசாயி பக்கம், இன்னொன்றில் எதிர்ப்பக்கம் நின்றதுபோலத் தெரியும். இரண்டிலும் அது பார்த்தது, அதிகாரம் யாருக்கு, நடைமுறை சரியா என்பதைத்தான்.

“லேபர் கோர்ட்டில் தோற்றால் என்ன, ஹைகோர்ட் வேலை வாங்கித் தரும்”

டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினார் என்று ஒரு கண்டக்டரை டிஸ்மிஸ் செய்கிறார்கள். வழக்கு சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுவது அப்பீல் இல்லை, ரிட். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்த வழக்கு ஒன்று நம் பக்கத்துதான்: சென்னை–சித்தூர் பஸ் பர்மிட் வழக்கு. தீர்ப்பாயம் கண்ட சங்கதிகளை ரிட் நீதிமன்றம் மறுபடி எடைபோடாது, முகத்தில் தெரியும் சட்டப் பிழை இருந்தால்தான் தலையிடும் என்று 1963-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதில் சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை தொழிலாளர் வழக்குகளிலும் அதே அளவுகோல்தான்.

அப்படியானால் கண்டக்டருக்கு வலு எங்கே? சார்ஜ் மெமோவுக்குக் கொடுத்த பதிலில். டொமஸ்டிக் விசாரணையில் செக்கிங் இன்ஸ்பெக்டரைக் கேட்ட, அல்லது கேட்காமல் விட்ட, கேள்வியில். தண்டனை அதிகம் என்றால் அதைக் குறைக்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு 1971 முதல் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அந்தச் சலுகையை முதல்முறையாகக் கேட்பது கடினம்.

தொழிலாளி ஜெயித்து, நிர்வாகம் சென்னைக்குப் போனால் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வேண்டியதில்லை. வேலையில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை நிர்வாகம் எதிர்க்கும் காலம் முழுக்க, கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர வேண்டும் என்று பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவு சொல்லியது. வேறு எங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஒன்று மட்டும் சுருங்கிவிட்டது. டிஸ்மிஸ் ஆனவர் நேரடியாக வழக்குப் போட முன்பு மூன்று வருஷம் இருந்தது. இப்போது இரண்டு.

“பெரிய தொகை, நேராக ஹைகோர்ட்டிலேயே போட்டுவிடலாம்”

சென்னை நகர எல்லைக்குள் எழும் பெரிய வழக்குகளை மட்டும்தான் உயர் நீதிமன்றம் நேரடியாக எடுக்கும். 1862-ல் வந்த வழக்கம் அது. தருமபுரிப் புளி வியாபாரிக்கு பெங்களூரு கம்பெனி ஐந்து லட்சம் பாக்கி என்றால், அது மாவட்டத்து வணிக நீதிமன்ற வழக்கு. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தில் ஒரு கோடியாக இருந்த வரம்பை 2018-ல் மூன்று லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். அவசரத் தடை கேட்காத வழக்கில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட பிராதை நிராகரிக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிரதிவாதிக்கும் இழுத்தடிக்க வழியில்லை: 120 நாளுக்குள் எதிருரை தராவிட்டால் அந்த உரிமையே போயிற்று.

பில்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் “பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று இருக்கும். 1989-ல் சேலத்து நூல் வழக்கு ஒன்றில் குஜராத் கம்பெனியின் ‘கேரா எல்லை’ என்ற வாசகம் சேலம் கோர்ட்டைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2013-ல், ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் இத்தகைய வாசகம் மற்ற ஊர்க் கோர்ட்டை விலக்கும் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. இப்போது அதுதான் பிடிமானம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படிப்பது வக்கீல் ஃபீஸை மிச்சப்படுத்தும்.

“ராஜி ஆனால் கட்டிய கோர்ட் ஃபீஸ் போச்சு”

போகாது. சமரசமானால் கோர்ட் ஃபீஸைத் திரும்பப் பெறலாம். கோர்ட் அனுப்பிய சமரசத்துக்கு மட்டுமில்லை, ஊரில் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்ததற்கும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றமே கட்சியாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

கடைசியாக, கெடுக்கள். கீழ் நீதிமன்ற டிக்ரியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 90 நாள். வணிக வழக்கில் 60 நாள். ரிட்டில் தனி நீதிபதி உத்தரவை எதிர்த்து அமர்வுக்குப் போக 30 நாள். நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் நகல் மனுப் போட்ட நாளிலிருந்துதான். எனவே தீர்ப்பு வந்த அன்றே போட்டுவிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், சென்னையில் உயர் நீதிமன்றத்துக்கென்று தனிக் குழுவும் இருக்கிறது.