கொல்லைப்புறமே நம் வானியல் கூடம்!



வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வேணும், பட்டணத்துக் கோளரங்கத்துக்குப் போகணும் என்று நாம் நினைக்கிறோம். அதெல்லாம் இல்லாமலே பார்க்கலாம். இரண்டு கண், ஒரு கை, கொஞ்சம் இருட்டு போதும்.

"பொம்பளப் புள்ளைக்கு ராத்திரியில வெளிய என்ன வேலை?" என்று எல்லார் வீட்டிலும் கேட்பார்கள். பையன்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து எரிநட்சத்திரம் பார்த்ததாக வந்து சொல்வார்கள். நாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம். தோழிகளே, கொல்லைக்கு மேலேயும் அதே வானம்தான் இருக்கிறது! அரையாண்டு விடுமுறையில் கீழே எழுதியிருப்பதைச் செய்து பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

1. நிலா இல்லாத நாள் நல்லது. நேரம் இரவு 8 மணி.
2. தெருவிளக்கு கண்ணில் படாத மூலையில் கட்டிலைப் போடுங்கள். பூச்சி பொட்டு பயம் இருக்காது. மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டுங்கள்.
3. பத்து, பதினைந்து நிமிடம் எந்த விளக்கையும் பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகினால்தான் மங்கலான மீன்கள் தெரியும். டார்ச் வேண்டுமென்றால் சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.
4. அம்மாவையோ அப்பத்தாவையோ கூடவே உட்கார வையுங்கள். அப்புறம் யாரும் திட்ட முடியாது!

மூன்று விண்மீன்தான் வழிகாட்டி

கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் மூன்று விண்மீன்கள் கொஞ்சம் சாய்வாக நிற்கும். இதுதான் ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. இதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கையை நேராக நீட்டி ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும்.

* கச்சைக்கு இடது பக்கம் ஒரு முஷ்டி தூரத்தில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. வலது பக்கம் அதே தூரத்தில் நீல வெள்ளையாக இருப்பது ரைஜல். கொல்லர் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும் இல்லையா? அதே போல ரைஜல் சூடு அதிகம், திருவாதிரை சூடு குறைவு.
* கச்சையின் கோட்டைக் கீழே ஒரு சாண் நீட்டினால் சிரியஸ். இரவு வானத்து விண்மீன்களிலேயே இதுதான் ரொம்பப் பிரகாசம். தூரம் 8.6 ஒளியாண்டு. எனக்கு இப்போது 14 வயது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் கிளம்பிய ஒளி இன்றைக்குத்தான் என் கண்ணுக்கு வருகிறது!
* கோட்டை மேலே ஒரு சாண் நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி. இன்னும் ஒரு முஷ்டிக்குமேல் போனால் குட்டிக் கொத்தாகக் கார்த்திகை. இதன் தூரம் சுமார் 440 ஒளியாண்டு. மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்தபோது புறப்பட்ட ஒளி அது.

உங்களுக்குத் தெரியுமா?

பௌர்ணமி நிலா எந்த விண்மீன் பக்கம் வருகிறதோ அதை வைத்துத்தான் மாதங்களுக்குப் பெயர் வைத்தார்கள். கார்த்திகை தீபத்தன்று நிலா கார்த்திகைக்குப் பக்கத்தில் இருக்கும். மார்கழித் திருவாதிரையன்று களி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பாருங்கள், நிலாவுக்கு அருகில் சிவப்பாகத் திருவாதிரை தெரியும்!

அசையும் வெளிச்சம் எது?

மினுமினுத்தால் விண்மீன். மினுக்காமல் நிலையாக ஒளிர்ந்தால் கோள். விட்டு விட்டு மின்னி நகர்ந்தால் விமானம். மின்னாமல் சீராக நகர்ந்தால் செயற்கைக்கோள். சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைக்கூட வெறும் கண்ணால் பார்க்கலாம். அதில் மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். சட்டென்று கோடு கிழித்து மறைந்தால் எரிநட்சத்திரம். அது நட்சத்திரமே இல்லை, விண்வெளித் தூசியும் சிறு கல்லும் காற்றில் உரசி எரிவது. டிசம்பர் 13, 14 இரவுகளில் நிறைய விழும். அதைப் பார்த்தால் கெடுதல் என்று பயப்பட வேண்டாம்.

தினமும் பார்ப்பதால் என்ன பயன்?

2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் ரொம்பவே மங்கி, பிறகு பழையபடி ஒளிர்ந்தது. அது தன்னிலிருந்து வெளியே தள்ளிய பொருள் தூசியாகி மறைத்தது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். இந்த மாற்றம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் முன்னாடியே பார்த்துப் பழகியவர்களுக்குத்தானே "அட, குறைஞ்சிருக்கே" என்று தெரியும்? படிக்காத என் அப்பத்தா, கார்த்திகை எங்கே நிற்கிறது என்று பார்த்தே மணி சொல்லும். அதைக் கற்றுக்கொள்ள யாரும் கொல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

கார்த்திகைக் கொத்தில் உங்கள் கண்ணுக்கு எத்தனை மீன் தெரிகிறது? பெரும்பாலும் ஆறு தெரியும். நன்றாக இருட்டினால் அதற்கு மேலும் தெரியும். எண்ணி, உங்கள் தெருப் பெயரோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி இந்த இதழின் கீழே ஒட்டுங்கள். நம் ஊரில் எந்தத் தெரு நல்ல இருட்டு என்று அடுத்த இதழில் பார்ப்போம். பெண்கள் தாள்தான் அதிகம் இருக்க வேண்டும், சரியா?

– 9-ஆம் வகுப்பு மாணவி