பூட்டின் மேல் பழி போடாதே, தங்கச்சி

எம்பிலிப்பிட்டிய டவுனில் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, டைப்பிங், அதோடு ஊராருடைய கொம்பியூட்டர் வைத்தியமும். வாரத்துக்கு ஒருவராவது லெப்டொப்பை அணைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். “அக்கா, லொக் போட்டதிலிருந்து இழுத்துக்கொண்டு கிடக்குது. என்க்ரிப்ஷனைக் கழற்றிவிடுங்க.”

கழற்ற மாட்டேன். உன் டிஸ்க்கில் தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டைக் கொப்பியும், ஈ.பி.எஃப். படிவமும், டியூஷன் பிள்ளைகளின் போன் நம்பரும் கிடக்கின்றன. இரத்தினபுரி பஸ்ஸில் அதை மறந்து வைத்துவிட்டு இறங்கினால் என்ன சொல்வாய்? 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. வேகம் எங்கே அடைபடுகிறது என்று பார்ப்போம், வா. நான் பார்க்கிற வரிசையிலேயே பார், நடுவில் குதிக்காதே.

1. முதலில் வயரைப் பார். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். வெளி டிஸ்க்கைப் பழைய யு.எஸ்.பி. 2 ஓட்டையில் சொருகினால் செக்கனுக்கு 30, 40 எம்.பி.க்கு மேல் வராது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீல நிற ஓட்டை இருந்தால் அதில் சொருகு. அதே டிஸ்க்கில் பூட்டில்லாத இடத்துக்கு அதே பெரிய ஃபைலைக் கொப்பி பண்ணிப் பார். அங்கும் அதே வேகம் என்றால் பூட்டு நிரபராதி.

2. ப்ரொசஸருக்குப் பூட்டு வேலையைச் செய்யும் தனி வசதி இருக்கிறதா? ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறை 2001இல் அமெரிக்காவில் தரமாக வந்தது. அதைச் செய்வதற்கென்றே தனிக் கட்டளைகளை இன்டெல் தன் சிப்புக்குள் வைத்தது 2010இல்தான். அதுவும் எல்லாச் சிப்பிலும் இல்லை. இங்கேதான் நானே ஏமாந்தேன். கடைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினேன், இரண்டாம் தலைமுறை ஐ3. “ஐ3 தானே, போதும்” என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்தத் தலைமுறையில் ஐ5க்கு இருந்த வசதி ஐ3க்குக் கிடையாது. மூன்றாம் தலைமுறை ஐ3 பெரும்பாலும் அதே கதைதான். நாலாம் தலைமுறைக்குப் பிறகுதான் கவலையில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதே. மாடல் நம்பரை இன்டெல் தளத்தில் தட்டி, ஏ.இ.எஸ். வரியில் ‘யெஸ்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எண்ணு. ராஸ்பெரி பை வைத்து விளையாடும் தம்பிகளே, 4இல் இல்லை, 5இல் உண்டு.

3. சிப்பில் இருக்கிறது, சிஸ்டம் அதைத் தொடுகிறதா? இது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி.

லினக்ஸ்: டெர்மினலில் ‘கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்’ ஓட்டு. அது டிஸ்க்கைத் தொடாமல் ரேமில் மட்டும் அளக்கும், அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஏ.இ.எஸ். வரியை டூஃபிஷ், சர்ப்பென்ட் வரிகளோடு ஒப்பிட்டுப் பார். வசதி வேலை செய்தால் ஏ.இ.எஸ். பெரும்பாலும் செக்கனுக்கு ஆயிரம் எம்.பி.யைத் தாண்டி, மற்ற இரண்டையும் பின்னால் விட்டிருக்கும். மூன்றும் ஒரே வரிசையில் நொண்டினால் சிப்பின் வசதி தூங்குகிறது. பயோஸில் யாராவது அணைத்து வைத்திருக்கலாம். இந்த எண் பெரிசாக வந்தும் கொப்பி மட்டும் மெதுவாக இருந்தால், மறுபடி முதலாம் நம்பருக்குப் போ. இன்னொன்று, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வேகம் அளக்கும்போது ‘ஈவிபி’யைச் சேர்க்க மறக்காதே. பழைய பதிப்புகளில் அது இல்லாவிட்டால் சிப்பின் பக்கமே போகாமல் மென்பொருளிலேயே அளந்துவிட்டு உன்னைப் பயமுறுத்தும்.

வின்டோஸ்: பிட்லொக்கர் தானாகவே சிப்பைப் பயன்படுத்தும். ஆனால் நேற்றுத்தான் பூட்டுப் போட்டாய் என்றால் பின்னால் இன்னும் டிஸ்க்கைப் பூட்டிக்கொண்டிருக்கும். எத்தனை வீதம் முடிந்தது என்று பார். நூறாகும் வரை பொறு, மூடியை மூடாதே. வேராகிரிப்ட் என்றால் அதிலேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. செட்டிங்கில் ஏ.இ.எஸ். முடுக்கத்தை யாரும் அணைத்து வைக்கவில்லையே என்றும் பார்.

மெக்: 2017 கடைசியிலிருந்து வந்த டி2 சிப் மெஷின்களிலும் எம் வரிசையிலும் டிஸ்க்குக்குப் போகும் வழியிலேயே இந்த வேலை நடந்துவிடும். மெதுவாக இருந்தால் வேறு நோய் தேடு.

வெர்ச்சுவல் பொக்ஸ்: ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமை தெரிகிறதா? வின்டோஸின் ஹைப்பர்-வி நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குள் அளந்த வேகத்தை நம்பாதே.

4. பாஸ்வேர்ட் அடித்ததும் சில செக்கன் காத்திருக்க வைக்கிறதா? அது கோளாறு இல்லை. திருடன் ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த தாமதம். அதைக் குறைக்கிறேன் என்று கை வைக்காதே.

5. இது நம் ஊருக்கு மட்டும். குளுமையான றக்வானைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு அங்கே ஒழுங்காக ஓடிய லெப்டொப் இங்கே பகல் இரண்டு மணிக்குத் திணறும். வெக்கையில் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். போன மாதம் ஒன்றைத் திறந்தேன்: விசிறிக்குள் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டினேன், அவ்வளவுதான் வைத்தியம். தலையணை மேல் வைத்து வேலை செய்யாதே. பவர் சேவரில் வைத்துக்கொண்டு வேகம் கேட்காதே.

6. இரண்டு, மூன்று முறைகளை அடுக்கிப் பூட்டாதே. ஏ.இ.எஸ். மேல் டூஃபிஷ், அதன் மேல் சர்ப்பென்ட் என்று போட்டால் நீதான் நோகவேண்டும். ஒன்று போதும்.

7. “எஸ்.எஸ்.டி.யே தன்னைப் பூட்டிக்கொள்ளுமாம் அக்கா, வேகமும் குறையாதாம்.” தெரியும். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயர்போன சில எஸ்.எஸ்.டி.களில் பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே போக முடியும் என்று காட்டினார்கள். அடுத்த வருடமே மைக்ரோசொஃப்ட், புதிதாகப் பூட்டும் டிஸ்க்குகளுக்கு எஸ்.எஸ்.டி.யை நம்பாமல் வின்டோஸே பூட்டும்படி மாற்றிவிட்டது. நீயும் நம்பாதே.

8. சிப்பில் வசதியே இல்லையா? 256க்குப் பதில் 128 பிட் ஏ.இ.எஸ். போடு, 14 சுற்று 10 ஆகிறது, கொஞ்சம் மூச்சு விடும். லினக்ஸ் என்றால் அடியன்டம் என்ற முறையைப் பார். மலிவு போன்களுக்கென்று கூகுள் 2019இல் கொண்டுவந்தது. வி.பி.என்.னுக்கு வயர்காட் போடு, அது ஏ.இ.எஸ்.ஸையே கேட்காது. டிஸ்க்கில் முறை மாற்றுமுன் எல்லாவற்றையும் வேறிடத்தில் கொப்பி எடு. “எடுத்தேன் அக்கா” என்று சொல்லாதே, திறந்து பார்த்துவிட்டுச் சொல்.

9. பயோஸில் கை வைக்குமுன் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுது. மாற்றிவிட்டு மறுபடி போடும்போது அதைக் கேட்கலாம். அழுதுகொண்டு வந்தால் என்னாலும் திறக்க முடியாது. அந்தத் தாளை லெப்டொப் பையிலேயே வைத்துத் தொலைக்காதே, அலுமாரியில் வை.