11,263 கண்ணாடிச் சதுரங்கள்



பல நூறு வருஷப் பழமையான வழிபாட்டு இடத்தில் இந்தக் காலத்து ஓவியர் கை வைக்கலாமா? ஜெர்மனியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ஜன்னலின் கதை

கொலோன் நகரப் பேராலயத்தை 1248-இல் கட்டத் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள். மொத்தம் 632 ஆண்டுகள்! நடுவில் ஏறக்குறைய 300 வருஷம் வேலையே நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதன் தெற்குப் பக்கப் பெரிய ஜன்னலின் வண்ணக் கண்ணாடிகள் அழிந்துபோயின. பிறகு போட்ட வெளிர் கண்ணாடி வழியாக வெயில் கண்ணைக் கூசும்படி உள்ளே வந்தது.

புது ஜன்னல் செய்யும் பொறுப்பு கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியரிடம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் மறைசாட்சிகளை வரையச் சொன்னார்கள். முயன்று பார்த்தார், சரியாக அமையவில்லை. கடைசியில் 1974-இல் தாம் வரைந்த '4096 நிறங்கள்' ஓவியத்தின் வழியில், வெறும் வண்ணச் சதுரங்களாலேயே ஜன்னலை அமைத்தார். 72 நிறங்கள், 11,263 சதுரங்கள். 2007 ஆகஸ்டில் ஜன்னல் திறக்கப்பட்டது. ரிக்டர் கூலி வாங்கவில்லை.

எந்தச் சதுரத்துக்கு எந்த நிறம்? பாதியைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. மீதிப் பாதி அதன் கண்ணாடிப் பிம்பம்.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட தாளில் 12 கட்ட அகலம், 6 கட்ட உயரம் எடுங்கள். ஆறு கிரேயான்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். லூடோ பகடையை உருட்டி இடது பக்கம் 36 கட்டங்களை நிரப்புங்கள். வலது பக்கத்தில் அதையே திருப்பிப் போடுங்கள். நான் செய்தபோது ஒரே நிறம் மூன்று கட்டம் சேர்ந்தாற்போல விழுந்தது. நாமாக வரைந்தால் அப்படி விடவே மாட்டோம்! ஆனாலும் முழுசாகப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தெரிந்தது.

எதிர்ப்பும் வந்தது

அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்கு இது பிடிக்கவில்லை. இது மசூதிக்கோ வேறொரு வழிபாட்டு இடத்துக்கோதான் பொருந்தும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கும்பிட வருகிறவர்களுக்கு அது கலைக்கூடம் இல்லையே! புனிதர்களின் முகத்தைத் தேடுகிறவர் வெறும் சதுரத்தைப் பார்த்தால் ஏமாறத்தானே செய்வார்?

ஆனால் கொலோனுக்குப் பக்கத்திலேயே ஆல்டன்பர்க் ஆலயத்தில், இடைக்காலத்திலேயே உருவங்கள் இல்லாத ஜன்னல்களை வைத்திருக்கிறார்கள். அதனால் உருவம் இல்லாதது கிறிஸ்தவ ஆலயத்துக்குப் புதுசு இல்லை.

என் கருத்து

புதுசா பழசா என்று மட்டும் பார்க்கக் கூடாது. அந்த இடத்துக்குத் தேவையானதைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னலின் வேலை வெளிச்சத்தைப் பக்குவப்படுத்தி உள்ளே விடுவது. ரிக்டரின் ஜன்னல் அதைச் செய்கிறது. பேராலயத்தின் பழைய ஜன்னல்களில் இருக்கும் நிறங்களைப் பார்த்துத்தான் தம் 72 நிறங்களையும் அவர் தேர்ந்தெடுத்தார். பழசை மதித்துச் செய்தால் புதுசும் அங்கே சேர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அரைப் பக்கம் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். மாற்றுக் கருத்து என்றால் இன்னும் நல்லது!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி