தொடாமலே செய்யும் வித்தை

மேடையில் நிற்கும் ஒரு வித்தைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டைக் கலைக்கிறார். ஒரு சீட்டை எடுக்கச் சொல்கிறார். அதைத் திரும்ப வாங்கிக் கட்டுக்குள் செருகுகிறார். அவருடைய வலக்கை அசைகிறது. நம் கண்ணும் அதன் பின்னாலேயே போகிறது. உண்மையான வேலை நடப்பதோ இடக்கையில்! பல ஆண்டுப் பயிற்சியால் வந்த கைத்திறன் அது.

இப்போது அதே வித்தைக்காரர் ஒரு கணினித் திரைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஓர் ஊரில். நீங்கள் வேறோர் ஊரில். உங்கள் கையிலுள்ள சீட்டை அவர் தொட முடியாது. நீங்கள் காட்டினாலன்றிப் பார்க்கவும் முடியாது. அவர் தம் கையில் எதைச் செய்து காட்டினாலும், "கேமராவில் ஏதோ தந்திரம்" என்று நீங்கள் சொல்லிவிடலாம். அப்படியானால் இணையத்தின் வழியே வித்தை காட்டுவது எப்படி?

ஒரு வழி உண்டு. பார்ப்பவருடைய கையிலேயே வித்தையை நடத்திவிட வேண்டும். உங்கள் சீட்டு, உங்கள் கை, உங்கள் விருப்பம். பிறகு கேமராவைக் குறை சொல்ல இடம் ஏது?

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டபோது வித்தைக்காரர்கள் பலர் இந்த வழியைத் தேடி வந்தார்கள். போர்த்துகல் நாட்டில் பிறந்த ஹெல்டர் கிமராயிஷ், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கெஃபன் அரங்கத்துக்காக இணையத்தின் வழியே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பார்வையாளர்களின் வீடுகளுக்கு முன்கூட்டியே ஒரு பொட்டலம் அஞ்சலில் போய்ச் சேர்ந்தது. நிகழ்ச்சியின்போது அவர்கள் அதைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றைக் கொண்டு தாங்களும் வித்தையில் பங்கு கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய அளவில் ஒரு வித்தை 2024 பிப்ரவரி 9 அன்று நடந்தது. அது சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவு. சீன மத்தியத் தொலைக்காட்சியின் வசந்தவிழா நிகழ்ச்சியில் தைவானைச் சேர்ந்த வித்தைக்காரர் லியு சியென் தோன்றினார். அரங்கில் இருந்தவர்களையும், நாடெங்கும் வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் ஆளுக்கு 4 சீட்டுகள் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் செய்தார்கள். அந்த வித்தையை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். சொற்களை மட்டும் நம் வசதிக்கு மாற்றியிருக்கிறோம், கணக்கு அதேதான்.

செய்து பாருங்கள்

1. பழைய அழைப்பிதழ் அட்டையிலிருந்து ஒரே அளவில் 4 துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் சூரியன், ஒன்றில் மீன், ஒன்றில் மரம், ஒன்றில் வீடு என்று அட்டை முழுவதும் பரவும்படி படம் வரையுங்கள். விருப்பம்போல் கலைத்து, படம் கீழ்நோக்கி இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

2. நான்கையும் சேர்த்தே இரண்டாகக் கிழியுங்கள். கிழிக்க வராவிட்டால் கத்தரியால் வெட்டலாம். ஒரு பாதி அடுக்கைத் தூக்கி மற்றப் பாதி அடுக்கின் மேல் வையுங்கள். இப்போது உங்கள் கையில் 8 பாதிகள் இருக்கும்.

3. உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் மேலிருந்து ஒரு பாதியை எடுத்து அடியில் வையுங்கள். (கயல்விழி என்றால் 5 எழுத்து, 5 பாதிகள் அடிக்குப் போகும்.)

4. மேலே உள்ள 3 பாதிகளை ஒன்றாக எடுத்து, மீதியுள்ள ஐந்துக்கு நடுவில் எங்கேயாவது செருகுங்கள். எல்லாவற்றுக்கும் மேலேயோ, எல்லாவற்றுக்கும் அடியிலோ வைக்கக் கூடாது.

5. மேலே உள்ள ஒரு பாதியைப் பார்க்காமல் எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்து வையுங்கள். கையில் 7 மீதி.

6. உங்கள் விருப்பப்படி மேலிருந்து ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எடுத்து, மீதிக்கு நடுவில் செருகுங்கள். இம்முறையும் மேலேயோ அடியிலோ வைக்கக் கூடாது.

7. மேலிருந்து 1 அல்லது 2 பாதிகளை எறிந்துவிடுங்கள். எத்தனை என்பது உங்கள் விருப்பம்.

8. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் மேலிருந்து ஒரு பாதியை அடிக்கு மாற்றுங்கள்.

9. "இருக்கட்டும்" என்று சொல்லி மேலே உள்ளதை அடியில் வையுங்கள். "போகட்டும்" என்று சொல்லி அடுத்ததை எறியுங்கள். ஒரே ஒரு பாதி மிஞ்சும்வரை இப்படியே செய்துகொண்டு போங்கள்.

இப்போது சட்டைப் பையில் இருப்பதை எடுங்கள். கையில் மிஞ்சியதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே படத்தின் இரண்டு பாதிகள்!

ஏன் இப்படி?

உங்கள் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தெரியாது. எங்கே செருகினீர்கள், எத்தனை எறிந்தீர்கள் என்பதும் தெரியாது. இருந்தும் முடிவு மாறவில்லை. ஏன்?

கிழித்தவுடன் உங்கள் அடுக்கு, உதாரணமாக, சூரியன், மீன், மரம், வீடு, சூரியன், மீன், மரம், வீடு என்று இருக்கும். எந்தப் பாதியை எடுத்துக்கொண்டாலும் அதன் துணை சரியாக 4 இடம் தள்ளி நிற்கிறது. மேலிருந்து எடுத்து அடியில் வைப்பது சக்கரத்தைச் சுற்றுவது போன்றது. எத்தனை முறை சுற்றினாலும் இந்த 4 இட இடைவெளி குலையாது. ஆகவே உங்கள் பெயர் நீளமானாலும் குறுகியதானாலும் ஒன்றுதான்.

அடுத்து, மேலே உள்ள மூன்றை நடுவில் செருகினீர்கள். நான்காவதாக இருந்தது இப்போது மேலே வந்துவிட்டது. எட்டாவதாக இருந்தது அடியிலேயே நிற்கிறது. இவை இரண்டும் துணைகள் அல்லவா? மேலே இருப்பது சட்டைப் பைக்குப் போகிறது. அதன் துணை அடுக்கின் அடியில் காத்திருக்கிறது.

ஆறாம் படியில் எத்தனை எடுத்தாலும் நடுவில்தான் செருகுகிறீர்கள். ஏழாம் படியில் மேலிருந்துதான் எறிகிறீர்கள். அடியில் இருப்பதை யாரும் தொடவே இல்லை. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரமெல்லாம் அந்த ஒரு பாதியைத் தொடாத சுதந்திரம்தான்!

கடைசிக் கணக்கு

இப்போது கையில் 6 பாதிகள் இருக்கலாம். அல்லது 5 இருக்கலாம். துணை அடியில் இருக்கிறது. கிழமைகளைச் சொல்லி ஏழு முறை சுற்றுகிறோம்.

6 பாதிகள் இருந்தால், ஆறு முறை சுற்றியதும் பழைய நிலையே வந்துவிடும். ஏழாவது சுற்று துணையை ஓரிடம் மேலே ஏற்றும். அது 5-ஆம் இடத்தில் நிற்கும். 5 பாதிகள் இருந்தால், ஐந்து சுற்றில் பழைய நிலை வரும். மீதி இரண்டு சுற்றும் துணையை இரண்டு இடம் ஏற்றும். அது 3-ஆம் இடத்தில் நிற்கும்.

இனி "இருக்கட்டும், போகட்டும்" என்னும் கழித்தலில் மிஞ்சுவது எது? முதலில் 4 பாதிகளை எடுத்துக்கொள்வோம். 1 அடிக்குப் போகிறது, 2 எறியப்படுகிறது, 3 அடிக்குப் போகிறது, 4 எறியப்படுகிறது. மறுபடியும் 1 மேலே வந்துவிட்டது, இருப்பவை இரண்டு. 1 அடிக்குப் போக, 3 எறியப்படுகிறது. மிஞ்சியது 1. ஆக, 4 இருந்தால் முதலில் நிற்பதே மிஞ்சும்.

5 இருந்தால்? 1 அடிக்குப் போய், 2 எறியப்பட்டவுடன் நான்கு மீதி. மேலே நிற்பது 3. நான்கில் முதலில் நிற்பதே மிஞ்சும் என்று இப்போதுதான் பார்த்தோம். எனவே மிஞ்சுவது 3. 6 இருந்தால் இரண்டை எறிந்தவுடன் நான்கு மீதி. மேலே நிற்பது 5. எனவே மிஞ்சுவது 5. நம் துணை நின்ற இடங்கள் எவை? 5 பாதிகளில் 3-ஆம் இடம். 6 பாதிகளில் 5-ஆம் இடம். கணக்கு ஒத்துப்போகிறது!

வட்டமாக நிற்பவர்களை ஒருவர்விட்டு ஒருவராகக் கழிக்கும் இந்தப் புதிருக்கு ஜொசிபஸ் கணக்கு என்று பெயர். ஜொசிபஸ் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர். போரில் ரோமானியப் படையினரிடம் சிக்காமல் ஒரு குகையில் ஒளிந்திருந்த கூட்டத்தில் தாம் உயிர் தப்பியதை அவர் எழுதிவைத்தார். பிற்காலத்தார் அந்தக் கதையை ஒட்டி எண்ணும் புதிரை அமைத்தார்கள். உயிர் தப்ப எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நம் வித்தையில் உயிர் தப்புவது ஓர் அட்டைத் துண்டு.

பத்துப் பேருக்குச் சரியானால் போதுமா?

பெயரைச் சுற்றுவதில் வேறுபடும் நிலைகள் 4. மூன்றைச் செருகுவதற்கு இடங்கள் 4. ஆறாம் படியில் ஒன்றை எடுத்தால் 5 இடங்கள், இரண்டை எடுத்தால் 4, மூன்றை எடுத்தால் 3, மொத்தம் 12. எறிவதில் 2. ஆக 4 x 4 x 12 x 2 = 384 வழிகள். இவற்றில் ஒவ்வொன்றையும் நாம் செய்து பார்க்கவில்லை. "அடியில் இருப்பது மாறாது" என்ற ஒரே காரணம் 384-க்கும் போதுமானதாக இருந்தது. கணிதத்தில் நிறுவுதல் என்பது இதுதான்.

இது இணைய வித்தைக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்க அறிவியலாளர் மார்ட்டின் குரூஸ்கலின் பெயரால் வழங்கும் ஒரு சீட்டு வித்தை இருக்கிறது. 52 சீட்டுகளைக் கொண்டு செய்யும் அந்த வித்தை 100-க்கு ஏறக்குறைய 85 முறை வெற்றி பெறும். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அது போதும். தவறினால் சிரித்துவிட்டு வேறொரு வித்தை காட்டலாம். ஆனால் திரைக்கு அப்பால் 10,000 பேர் தனித்தனியே செய்துகொண்டிருந்தால்? 1,500 பேருக்குத் தவறிவிடும். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட வித்தைக்காரருக்குத் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் அனுபவத்தை நம்ப முடியாது. நிறுவப்பட்டதையே நம்ப முடியும்.

அப்படியும் ஓர் இடம் ஓட்டையாகவே இருக்கும். 2024 நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஒருவரின் இரண்டு பாதிகள் ஒன்று சேரவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பலரும் கண்டுகொண்டார்கள். சீனாவெங்கும் அதுவே பேச்சாகிவிட்டது. கணக்கில் பிழை இல்லை. படிகளைச் சொன்னபடி செய்தால் தவற வழியில்லை. ஆனால் அடுக்கின் வரிசை எங்கேயாவது ஒருமுறை குலைந்தால், எந்தக் கணிதமும் அதைச் சேர்த்துவைக்க முடியாது.

நீங்கள் நடத்தும்போது

வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்கோ, நண்பர்களுக்கோ இணையத்தில் இதை நீங்கள் நடத்திக் காட்டலாம். சில விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒரு படியைச் சொல்லி, அதை நீங்களும் செய்து காட்டுங்கள். எல்லோரும் முடித்தபின் அடுத்த படிக்குப் போங்கள். இணையத்தில் குரல் சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும். எனவே எல்லோரும் ஒரே குரலில் கிழமைகளைச் சொல்ல முயன்றால் குழப்பமே மிஞ்சும்; அவரவர் வேகத்தில் எண்ணட்டும்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லாதீர்கள். பல செயலிகளில் உங்கள் உருவம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியும். மேல், அடி என்ற சொற்களே போதும்.

நடுநடுவே எண்ணச் சொல்லுங்கள். ஒளித்து வைத்தபின் எல்லோர் கையிலும் 7 இருக்க வேண்டும். எறிந்தபின் 6 அல்லது 5 இருக்க வேண்டும். எண்ணிக்கை தவறியவர் அப்போதே அகப்படுவார். அவரை முதலிலிருந்து தொடங்கச் சொல்லலாம். ஆனால் வரிசை குலைந்ததை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் தெளிவாகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

சிந்தியுங்கள்

1. ஏழாம் படியில் ஒன்றையும் எறியாமல் விட்டால் வித்தை பலிக்குமா? 3 எறிந்தால்? 4 எறிந்தால்? மூன்றையும் செய்து பாருங்கள். ஒன்றில் மட்டும் தவறும். எதில், ஏன்?

2. கிழமைகளுக்குப் பதிலாக 12 மாதங்களின் பெயர்களைச் சொன்னால் என்ன ஆகும்?

3. 4 படங்களுக்குப் பதில் 5 படங்களை வைத்துத் தொடங்குங்கள். நான்காம் படியில் மூன்றுக்குப் பதில் எத்தனை எடுக்க வேண்டும்? ஏழாம் படியில் எத்தனை எறியலாம்?

மூன்றாம் கேள்விக்கு விடை கண்டுவிட்டீர்களானால், அந்த வித்தை உங்கள் சொந்த வித்தை. திரைக்கு அப்பால் எத்தனை பேர் இருந்தாலும் அஞ்சாமல் நடத்தலாம்.