வீழாத வீழ்படிவு

திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தின் செப்புப் படிமங்களை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேர்த்து வார்ப்பது தமிழகத்துப் பழமரபு. இவற்றுள் காரீயம் ஒரு தனிப்போக்குடையது. உருகிய நிலையில் செம்போடு கூடும். இறுகியபின் அதனுள் கரைந்து நில்லாது, நுண்மணிகளாய் ஆங்காங்கே பிரிந்து நிற்கும்.

அக்காரீயம் 7.2 கெல்வினில், அதாவது ஏறத்தாழ −266 பாகை செல்சியசில், மின்தடையை முற்றும் இழக்கிறது. இதுவே மீகடத்தல். 1911-இல் பாதரசத்தில் இதனை முதன்முதல் கண்டவர் காமர்லிங் ஓன்னஸ். நம் வீட்டு மின்கம்பியாகும் செம்போ, எத்துணைக் குளிர்வித்தும் தானே மீகடத்தியாகக் காணப்பட்டதில்லை.

ஆயினும் 1973-இல் சுவெய் என்னும் ஆய்வாளர், செம்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட கலவையிலேயே மீகடத்தலைக் காட்டினார். நியோபியம் என்னும் உலோகமும் திண்மச் செம்பில் கரையாதது. இரண்டையும் சிறிது வெள்ளீயத்தோடு உருக்கி, இறுகச்செய்து, கம்பியாய் நீட்டிச் சூடேற்றினால், உள்ளே பிரிந்துநின்ற நியோபியம் வெள்ளீயத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 18 கெல்வினில் மீகடத்தும் சேர்மமாகிறது. அச்சேர்மம் தனித்து நின்றால் எளிதில் நொறுங்கும். செம்பு அதனை வளையும் கம்பிக்குள் தாங்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பதும் இல்லை. இணைகளாய் இயங்கும் எலக்ட்ரான்கள் துகளின் விளிம்போடு நில்லாமல் அருகிலுள்ள செம்பினுள்ளும் சிறிது தொலைவு புகும். இடைவெளி மிகக் குறுகியதாயின் மின்னோட்டம் தடையின்றித் தாவும். இதனை அண்மை விளைவு என்பர். இடைவெளி மிகுமாயின் செம்பின் தடை மீளும்.

ஈண்டு மொழியாசிரியராகிய நமக்கு ஓர் இடர். இத்துகள்களைப் பாடநூல் வழக்கில் 'வீழ்படிவு' என்றே சொல்லிவந்தோம். இயற்பியல் மாணவர் ஒருவர் இதனைப் படித்துவிட்டு, துகள்கள் கம்பியின் அடிப்புறத்தே தங்கும் என எழுதியிருந்தார்! பிழை அவருடையதன்று; சொல்லினுடையது. குடுவைக் கரைசலில் படிவு வீழும். ஆதலின் ஆங்கு அச்சொல் அழகாகவே பொருந்தும். திண்ம உலோகத்தில் எதுவும் வீழ்வதில்லை. பிரிந்த இடத்திலேயே நிற்கிறது. எங்கும் பரவி நெருங்கி நிற்பதனால்தான் மீகடத்தலும் நிகழ்கிறது. அடியில் வீழ்ந்திருந்தால் அண்மை விளைவுக்கு இடமேது?

எனவே உலோகவியலுக்குப் 'பிரிதுகள்' என வழங்கலாம் என்பது நம் கருத்து. அறிவியல் துறையினர் இதனினும் சிறந்த சொல் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம். அதுவரை, விடைத்தாளில் 'பிரிதுகள்' என்றெழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறைக்க வேண்டா எனக் கேட்டுக்கொள்கிறோம்.