புதுக் குடித்தனம் போகிற பிள்ளைகளுக்கு

வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிக் குடியேறிவிட்டீர்கள். சமையலை அம்மாவிடம் ஃபோனில் கேட்டோ, வீடியோ பார்த்தோ கற்றுக்கொள்ளலாம். புழங்கப் புழங்கக் கைவரும் சின்னச் சின்ன உபாயங்களைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த சிலவற்றை இங்கே சொல்கிறேன், அவை ஏன் பலிக்கின்றன என்பதையும் சேர்த்து. காரணம் தெரியாமல் எடுத்துக்கொண்ட உபாயம் ஒரு வீட்டில் பலிக்கும், இன்னொரு வீட்டில் காலை வாரிவிடும். காரணம் தெரிந்தால் உங்கள் ஊர்த் தண்ணீருக்கும் உங்கள் அடுப்புக்கும் ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்வீர்கள்.

1. பாலை ஊற்றும் முன் பாத்திரத்தை நன்றாக அலசுங்கள், துடைக்க வேண்டாம். அடியில் ஈரம் இருந்தால் பால் அவ்வளவாகப் பிடிக்காது. பால் சூடானதும் மேலே ஆடை கட்டுகிறது. கீழிருந்து வரும் ஆவிக்கு வழியில்லாமல் அந்த ஆடையையே தூக்கிக்கொண்டு மேலே எழும்புகிறது. பொங்குவது அதனால்தான். ஒரு மரக்கரண்டியைப் பாத்திரத்தின் குறுக்கே வைத்தால் நுரை அதில் பட்டு உடையும். ஆனால் அதை நம்பி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விடாதீர்கள். கரண்டி கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அடுப்பைத் தணிக்க ஆள் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

2. இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு சுத்தமான நாணயத்தைப் போட்டுவையுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கூடத்தில் இருந்தாலும் காதில் விழும். அலுமினியப் பானையாக இருந்தால் கூடவே ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்புகளால் அலுமினியத்தின் உட்புறம் கறுத்துப்போகும். புளிப்பு இருந்தால் கறுக்காது. குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீருக்கும் இது பொருந்தும். எவர்சில்வர் பாத்திரத்தில் கறுப்புக்குப் பதிலாக வெள்ளையாகப் படியும். அதுவும் இதே புளிப்புக்குக் கரைந்துபோகும்.

3. மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றுக்கு வேண்டியது கதகதப்பு, ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். சித்திரையில் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். விடியும்முன் பொங்கி மேடை முழுவதும் வழிந்திருக்கும். மார்கழியிலோ, ஊட்டி கொடைக்கானல் போன்ற ஊர்களிலோ விடிந்தும் அசையாமல் கிடக்கும். அப்போது மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். ஓவன் இருந்தால் அதைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்து மூடலாம். தயிருக்கு அந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி இன்னும் எளிது: உறை ஊற்றிய பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவார்கள். அரிசி சூட்டை வெளியே விடாது.

4. பச்சை மிளகாய் நறுக்கும் முன் விரல்களில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிய ஆரம்பித்தபின் குழாயடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் பயனில்லை. எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலாப்பழத்துக்கும் வாழைக்காய்க்கும் எண்ணெய்தான். அவற்றின் பால் கையில் ஒட்டாது. சேனைக்கிழங்கின் அரிப்பு வேறு வகை. அதில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவை தோலில் குத்துகின்றன. எண்ணெய் கைக்குக் காப்பு. கிழங்கை மட்டும் புளித்தண்ணீரில் வேகவையுங்கள். இல்லாவிட்டால் சாப்பிடும்போது தொண்டை நமநமக்கும்.

5. புளியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். தமிழ்ச் சமையலில் அதற்கு நேரம் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. காய் வேகுமுன் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் அது எவ்வளவு கொதித்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். காயின் சதையைப் பிணைத்துவைத்திருக்கும் பொருள் புளிப்பில் இளகாது. துவரம்பருப்பும் அப்படியே. ஆகவே காயும் பருப்பும் வெந்தபிறகு புளி. சேனைக்கிழங்கைப் போல வெண்டைக்காய்க்கும் இதைத் திருப்பிப் போடுங்கள். வதக்கும்போதே கொஞ்சம் புளித்தண்ணீரோ தயிரோ விட்டால் வழவழப்பு அடங்கும், காயும் குழையாது. வாழைப்பூவை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுவதும் புளிப்பின் வேலைதான். காற்றுப் பட்டுக் கறுப்பதை அது தடுக்கிறது.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பொன்போல மின்னும், ஏனென்றால் மேலே படிந்த களிம்பைப் புளி கரைத்து எடுத்துவிடுகிறது. இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் பித்தளையில் உள்ள செம்பும் அந்தக் களிம்பும் சோற்றில் வந்து சேரும். ஈயம் பூசுகிறவரை நம் தெருக்கள் தேடிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். பாட்டி வீட்டிலிருந்து ஈயச்சொம்பு கொண்டுவந்திருந்தால் அதை வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும். புதிதாக வாங்குவதென்றால் காரீயம் கலக்காததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், காரீயம் விஷம்.

6. குழம்பில் உப்பு மிஞ்சினால் உருளைக்கிழங்கைப் போடு, உப்பை இழுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து இழுக்காது. உப்புக் கலந்த குழம்பையே இழுக்கும். மீதிக் குழம்பு அதே கரிப்போடு இருக்கும். வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ தண்ணீரோ சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் அப்படியே நம்பவேண்டாம், இந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான்.

7. அரிசி, பருப்பில் வண்டு வந்தால் கடைக்காரரைத் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். பழைய டிரம்மின் மூலையில் ஒட்டிக்கிடக்கும் மாவுத்தூளில் ஏற்கெனவே வண்டு இருந்திருக்கலாம். புது மூட்டையைப் பழையதன் மேலேயே கொட்டும் பழக்கம்தான் முதல் தவறு. காலிசெய்து, துடைத்து, காயவிட்டுப் பிறகு கொட்டுங்கள். துவரம்பருப்பில் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றிப் பிசிறிவைத்தால் பருப்பின் மேல் மெல்லிய பூச்சு ஏற்படும். பூச்சிகளுக்கு அது ஒத்துவராது. கழுவும்போது எண்ணெய் போய்விடும். வேப்பிலை, வசம்பு, வரமிளகாய் எல்லாம் வண்டை வரவிடாமல் தடுக்கவே உதவும், வந்துவிட்ட வண்டைக் கொல்லாது. பருப்பை வெயிலில் காயவைக்கலாம். அரிசியை உச்சி வெயிலில் பரப்பாதீர்கள். மணியில் விரிசல் விட்டு, வடிக்கும்போது நொறுங்கிப்போகும். நிழலில் உலர்த்திப் புடைத்தெடுங்கள். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள்.

8. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளர்களைத் தரையில் தட்டி நசுக்கவேண்டாம். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியிலுள்ளது விரியும், கழன்றுவரும். ஊறுகாய் பாட்டிலின் இறுகிய தகர மூடிக்குச் சுடுதண்ணீர் மட்டும் போதும்.

9. எறும்பு சாரை சாரையாக வருவது முன்னே போன எறும்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துத்தான். எறும்பை மட்டும் தட்டிவிட்டால் அந்தப் பாதை அப்படியே இருக்கும், அடுத்த கூட்டம் வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் அந்த வழியை முழுவதுமாகத் துடையுங்கள். இனிப்புப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நல்ல உபாயம். ஆனால் அந்தத் தட்டையும், பூந்தொட்டியின் அடித்தட்டையும் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அவை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேயுங்கள்.

10. கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துவிட்டுக் காத்திருங்கள். காலியான மேற்பகுதி சீக்கிரம் உலரும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் நிற்கும். அந்தக் கோடுதான் அளவு. வீட்டு சிலிண்டரில் நிரப்பும் கேஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டி, வாங்கும்போது எடை சரிதானா என்று பாருங்கள். கைப்பிடியின் உட்புறம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த மூன்று மாதம், இப்படி. அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போகவேண்டிய காலம் அது. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கவைப்பது, அடியில் சுடுதண்ணீர் ஊற்றுவது இரண்டையும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். கசிகிறதா என்று பார்க்க ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி வேண்டவே வேண்டாம். வாடை வந்தால் சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ செய்யாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்.

11. பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். இரண்டும் அழுக்கெடுப்பவை, சேர்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று யோசிக்கிற சுறுசுறுப்பான பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

12. இனி நீங்களே கண்டுபிடிக்கப் போகிறவை. எது சரிவரவில்லையோ அதில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இட்லி கல்லாக வந்தது என்று அரிசியையும் மாற்றி, உளுந்தையும் கூட்டி, ஊறும் நேரத்தையும் நீட்டினால், அடுத்தமுறை பூவாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அதே அரிசி, அதே உளுந்து, ஊறும் நேரமும் அதே. உளுந்து அரைக்கும்போது தெளிக்கும் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எவ்வளவு தெளித்தீர்கள் என்பதை அன்றைய காலண்டர் தாளில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து மாவு டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள்.